அண்ணி துவைக்காத ஒரே துணி

என் கணவருடைய அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, துணி காயப்போட ஒரு பால்கனி. அந்தப் பால்கனியைப் பார்த்துத்தான் அண்ணி இந்த வீட்டுக்குச் சம்மதித்தாராம்.

அண்ணிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. காலை ஆறு மணிக்குப் போய் மதியம் இரண்டு மணிக்கு முடித்துவிட்டு வருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "வரன் வந்தப்பல்லாம் எனக்கு ஷிஃப்ட்டு இருந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். அதிகம் பேசமாட்டார். ஆனால் நாற்காலியில் கழற்றிப் போட்ட சட்டை ஐந்து நிமிடத்தில் காணாமல் போகும். தேடினால் கொடியில் தொங்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவருடைய கைக்குட்டையைத் துவைத்துவிட்டார். "அக்கா, நான் தூங்கும்போது என்னையும் தூக்கி மெஷின்ல போட்டுடாத" என்று என் கணவர் கேலி செய்வார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எண்ணெய்க் கறையோடுதான் வீட்டுக்கு வருவார். அதனால் அக்காவுக்கும் தம்பிக்கும் வாசலிலேயே வழக்கு.

அண்ணியிடம் ஒரு வேலைப் பழக்கம் உண்டு. வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியை அப்படியே மெஷினில் தள்ளமாட்டார். ஒவ்வொரு விரிப்பையும் எடுத்து இரண்டு தடவை உதறித்தான் போடுவார். மற்றவர்கள் "நேரம் போகுது, தள்ளு தள்ளு" என்பார்களாம். உதறியதில் கத்தரிக்கோல் விழுந்திருக்கிறது, வெப்பமானி விழுந்திருக்கிறது, ஒருமுறை ஒரு பெரியவருடைய பல் செட்டே விழுந்திருக்கிறது. போன வருடம் ஒரு நாள் காலையில் தலையணை உறைகள் நிறைந்த சாக்கு ஒன்று வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததாம். அண்ணி சாக்கின் வாயை அவிழ்த்து மெதுவாகச் சாய்த்தார். உள்ளேயிருந்து சாம்பல் நிறப் பூனை ஒன்று, வயிறு தரையில் இழுபட, இறங்கி வந்து அவருடைய காலடியில் உட்கார்ந்துகொண்டது. துணி வண்டிகளை முந்தின நாள் முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். குட்டி போட இடம் தேடி ஒன்றில் ஏறி, கட்டாமல் கிடந்த சாக்குக்குள் புகுந்திருக்கிறது; யாரோ கவனிக்காமல் வாயைக் கட்டிவிட்டார்கள். அந்தச் சாக்கை அப்படியே தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைக்கவே மாட்டேன். அந்தக் கைக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர் கடவுள்.

வேலை முடிந்ததும் அண்ணி பூனையை ஒரு பையில் வைத்து விலங்குகள் காப்பகத்துக்குக் கொண்டு போனார். அங்கே இருந்த டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாலு இருக்கும். இன்னும் பத்து நாள்ல போட்டுடும்" என்றார். ஆனால் காப்பகத்தில் அப்போது பூனைகளுக்குச் சளிக் காய்ச்சல். பிறந்த குட்டிக்கு அது ஒட்டிக்கொண்டால் பிழைக்காது. யாராவது வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்து, குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்வரை வளர்த்துக் கொடுத்தால் நல்லது என்றார். அண்ணி யாரையும் கேட்கவில்லை. "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பூனையும் பையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இது என்னக்கா?" என்றார் என் கணவர்.

"பூனை."

"அது தெரியுது. எதுக்கு?"

"குட்டி போடறதுக்கு."

அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. தலையணை உறைக்குள்ளிருந்து வந்ததாலும், பார்க்கவும் அப்படியே இருந்ததாலும் தலகாணி என்று பெயர் வைத்தோம்.

அண்ணியின் அறையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை வைத்து, ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, உள்ளே விரிப்பு போட்டோம். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததெல்லாம் மூன்றே விஷயம். வீடு அமைதியாக இருக்க வேண்டும், குளிர் கூடாது, துணி சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் அண்ணியின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். "அத என்கிட்ட விட்டுடுங்க" என்றார்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. காலையிலேயே தலகாணி சாப்பாட்டைத் தொடவில்லை. பெட்டிக்குள் போவதும் வருவதும் துணியைப் பிறாண்டுவதுமாக இருந்தது. அண்ணி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது முதல் வலி எடுத்தது. மூன்று மணிக்கு முதல் குட்டி. தலகாணியே குட்டியைச் சுற்றியிருந்த பனிக்குடப் பையைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, நச்சுக்கொடியைத் தின்று, குட்டியை நக்கித் துடைத்தது. எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. அரை மணி கழித்து இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. அதன் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. மூன்றோடு முடிந்தது என்று நினைத்து நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது நாலாவது வந்தது. தலகாணி களைத்துப் போய்த் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டி பைக்குள்ளேயே அசையாமல் கிடந்தது.

அண்ணி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "பையக் கிழிங்க, மூக்கையும் வாயையும் தொடைங்க, துணியால நல்லாத் தேயுங்க" என்று அந்தப் பக்கம் சொல்ல, அண்ணி எனக்குச் சொல்ல, நான் கைக்கு எட்டிய துணியை இழுத்துத் தேய்த்தேன். கடவுள் பெயரைச் சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் கீச்சென்று ஒரு சத்தம். தலகாணி தலையைத் தூக்கியது. குட்டியை அதன் வாயருகே வைத்தேன், நக்க ஆரம்பித்தது. அதே துணியால் தாயையும் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கையிலிருந்த துணியைப் பார்த்தேன். என் கணவருடைய பச்சை ஸ்வெட்டர். லிஃப்ட் மெஷின் ரூமில் குளிருக்குப் போட்டுக்கொள்வது. அவருக்கு அதுமேல் உயிர். அண்ணியின் கவனமெல்லாம் போனில் இருந்ததால் அவர் பார்க்கவில்லை. அண்ணிக்குத் தெரிந்தால் உடனே துவைத்து மடித்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, எப்படி அழுக்கானது என்பதையும் சொல்லிவிடுவார். அவருக்குப் பொய் வராது. திங்கட்கிழமை அண்ணி வேலைக்குப் போன பிறகு நானே துவைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். அப்படியே மறந்தும் போனேன்.

குட்டிகளுக்கு அண்ணி வார்டு பெயர்களை வைத்தார். ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்ததற்குக் கண் வார்டு. நீளமாக, ஒல்லியாக இருந்ததற்கு எலும்பு வார்டு. வாயை மூடாமல் கத்தியதற்குக் காது மூக்கு தொண்டை. கூப்பிட நீளமாக இருந்ததால் தொண்டை என்று சுருக்கினோம். கடைசியாக வந்ததற்கு அவசரம். மற்ற மூன்றும் நூறு கிராமுக்கு மேல். அவசரம் எழுபத்திரண்டு கிராம். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்துத் தினமும் எடை பார்க்க வேண்டும், தினமும் கூட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மூன்றும் கூடின. அவசரம் கூடவில்லை. இரண்டாம் நாள் எழுபத்து மூன்று. மூன்றாம் நாள் எழுபத்தொன்று. காம்பைத் தேடித் தலையை ஆட்டி ஆட்டி அலையும், கிடைப்பதற்குள் களைத்துவிடும். அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனக்குத் தெரிந்ததை இன்னும் அதிகமாகச் செய்தார். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, பெட்டியிலிருந்த துணி முழுவதையும் மாற்றினார். பழையது உடனே தண்ணீருக்குப் போனது. புதியது இஸ்திரி மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் போனது. அந்த அறைக்குள் போனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி அடிக்கும். தலகாணி துணியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பெட்டிக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும். பிரசவித்த உடம்பு, காற்றுக்கு உட்காருகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

புதன்கிழமை காலை நான் கடைக்குப் போய்விட்டுப் பதினொன்றரைக்குத் திரும்பினேன். வீடு அமைதியாக இருந்தது. தொண்டையின் சத்தம்கூட இல்லை. பெட்டியைப் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற விரிப்பின் மூலையில் அவசரம் மட்டும் கிடந்தது. தொட்டேன். சில்லென்று இருந்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "முதல்ல சூடு. சில்லுன்னு இருக்கும்போது பால் குடுத்துடாதீங்க, செமிக்காது. உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க" என்றார். குட்டியை நெஞ்சோடு சேர்த்துத் துணிக்குள் வைத்துக்கொண்டு, வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி மேலே அணைத்துக்கொண்டேன். அப்படியே குனிந்து குனிந்து வீடெல்லாம் தேடினேன். மற்ற மூன்றும் எங்கள் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குப் பின்னால், பச்சை ஸ்வெட்டரின் மேல் தலகாணியின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரத்தில் அவசரத்துக்குச் சூடு திரும்பியது. டாக்டரம்மா முன்பே கொடுத்திருந்த பால்பொடியைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குட்டியைக் குப்புறப் பிடித்து மூன்று சொட்டு கொடுத்தேன். விழுங்கியது. தாயிடம் கொண்டுபோய் விட்டேன். தலகாணி ஒரு தரம் முகர்ந்தது. முகத்தைச் சுளித்துச் சீறியது. மூன்று குட்டிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முதுகைக் காட்டியது.

இரண்டே காலுக்கு அண்ணி வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. மறுபடி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தோம்.

"துணிய எதுல துவைக்கறீங்க அக்கா?"

"ஆஸ்பத்திரி சோப்புதான் டாக்டரம்மா. அப்புறம் கிருமி மருந்து கலந்த தண்ணில ஒரு அலசு. இஸ்திரி போட்டுத்தான் விரிக்கறேன்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"ரெண்டு. பிரசவ வார்டுக்கு அதான் அளவு."

டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். "அக்கா, நான் சொன்னது வீட்டுச் சுத்தம். நீங்க ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் பண்ணிட்டீங்க. அதுங்களுக்கு இன்னும் கண்ணு தெறக்கல, காதும் கேக்காது. மூக்கு ஒண்ணுதான் இருக்கு. மூக்காலதான் காம்பத் தேடும். தாயும் மூக்காலதான் இது என் புள்ளன்னு கண்டுபிடிக்கும். அந்த வாசனைய நீங்க தினம் ரெண்டு தடவ அலசி ஊத்திட்டீங்க. அந்த மருந்து பூனைக்கு ஆகவும் ஆகாது. அதான் வேற எடம் போயிடுச்சு."

"அப்ப சின்னதுக்கு எடை ஏறாதது…"

"அதுக்குத் தெம்பு கம்மி. மத்ததுங்க முட்டி மோதிக் குடிச்சிடும். இதால முடியல."

அண்ணி பையை இறக்கிவைத்தார். "அப்ப நான்தான் வெரட்டியிருக்கேன்" என்றார். அழவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் பத்தொன்பது வருடத்தில் கேட்டதில்லை.

"இப்ப அதப் பேசி ஆகறதில்ல. குட்டிங்க படுத்திருந்த அழுக்குத் துணி ஏதாவது, துவைக்காதது, வீட்ல இருக்கா? அதால சின்னதத் தேய்க்கணும். மேல இருக்கற மருந்து வாசனை போயி தாய் வாசனை வரணும். இன்னிக்கே தாய்கிட்ட சேர்ந்தா நல்லது. நம்ம கையிலயே வளர்க்கறது ரொம்பக் கஷ்டம்."

"துவைக்காததா? எங்க வீட்லயா?" என்றார் அண்ணி.

அப்போதுதான் நான் ஒப்புக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் இருப்பது என்ன, அது எப்படி அங்கே போனது, ஏன் துவைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

"நாலு நாளாவா அங்க கெடக்கு?"

"ஆமா அண்ணி."

"நல்ல பொம்பளம்மா நீ" என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

குட்டியைத் தொடுமுன் அண்ணி வழக்கம்போலக் குழாயடிக்குப் போனார். சோப்பைக் கையில் எடுத்தார். எடுத்ததைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்ப வைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் முழங்கைவரை நெடுநேரம் அலசிக்கொண்டு வந்தார். வேலைக்குப் போட்டுப்போன உடுப்பையும் மாற்றினார். அப்புறம் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, ஸ்வெட்டரின் ஒரு கையை மட்டும் மெல்ல இழுத்தார். தலகாணி பார்த்துக்கொண்டே இருந்தது, சீறவில்லை. அந்தக் கம்பளிக் கை பாலும் சிறுநீரும் காய்ந்து விறைத்திருந்தது. அண்ணி முதலில் தன் உள்ளங்கைகளை அதில் தேய்த்துக்கொண்டார். பிறகு அவசரத்தை அதில் வைத்து, தலை, முதுகு, வயிறு, வால் என்று தேய்த்தார். இருபத்தாறு வருடமாக அழுக்கைப் போக்கிய கை அழுக்கைத் தடவுவதை நான் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன்.

பிறகு குட்டியை ஸ்வெட்டரின் ஓரத்தில், தாய்க்கு ஒரு சாண் தள்ளி விட்டார். இருவரும் பின்னால் நகர்ந்து கதவோரம் உட்கார்ந்தோம். உதவட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், அண்ணி கையைக் காட்டி அடக்கினார்.

அவசரம் தலையை ஆட்டியது. கொஞ்சம் நகர்ந்து கவிழ்ந்தது. மறுபடி நகர்ந்தது. தலகாணி கழுத்தை நீட்டி முகர்ந்தது. பின்வாங்கியது. மறுபடி முகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஜபத்தை மூன்று தடவை சொல்லி முடித்தபோது, அண்ணி என் முட்டியைப் பிடித்து அழுத்தினார். கண்ணைத் திறந்தேன். தலகாணி குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கி, மற்ற மூன்றுக்கும் நடுவில் வைத்து, தலையிலிருந்து நக்க ஆரம்பித்திருந்தது. தொண்டையைத் தள்ளிவிட்டு அவசரம் ஒரு காம்பைப் பிடித்தது. மூன்றாம் முறைதான் பிடித்தது, ஆனால் பிடித்துவிட்டது.

அண்ணி எழுந்து போய், வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் கணவர் வந்தார். "நாலு நாளா என் ஸ்வெட்டரக் காணோம். மெஷின் ரூம்ல வெறச்சுப் போறேன். அக்கா, நீ துவைச்சியா?"

"இல்ல" என்றார் அண்ணி.

இந்த வீட்டில் அந்தப் பதிலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் காட்டினேன். குனிந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, இது என்னுது!"

"இனிமே இல்லடா."

"துவைச்சாவது குடு."

"தொட்ட, கைய ஒடைப்பேன்."

தாயை மறுபடி இடம் மாற்ற வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதால் அந்த அறையைப் பூனைக்கே விட்டுவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம். "ஸ்வெட்டர் போச்சு, கட்டில் போச்சு. அடுத்தது நான்தான்" என்று கணவர் புலம்பினார். ஆனால் வேலையிலிருந்து வந்ததும் முதலில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பவர் அவர்தான்.

ஒரு ஆறு நாள், அவசரத்துக்குத் தாய்ப்பாலுக்கு மேல் கொஞ்சம் பால்பொடியும் கொடுத்தோம். அண்ணி வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர், மற்ற நேரம் நான். வியாழக்கிழமை எடை எழுபத்தொன்றிலேயே நின்றது. வெள்ளி எழுபத்து நான்கு. சனி எண்பத்திரண்டு. அறையின் நாற்றம் ஹாலுக்கும் வந்தது. அண்ணி வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார், ஸ்வெட்டரைப் பார்ப்பார், விரல்களை மடக்கிக்கொள்வார், வெளியே வந்துவிடுவார். அந்த நாட்களில் ஜன்னல் திரைகளை மட்டும் மூன்று தடவை துவைத்தார். அதை நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

குட்டிகள் பிறந்த பதினோராம் நாள் டாக்டரம்மா வேலைக்குப் போகிற வழியில் வந்து பார்த்தார். கண் வார்டுக்கும் எலும்புக்கும் கண் முழுதாகத் திறந்திருந்தது. அவசரத்துக்கு ஒரு கண் மட்டும் பாதி. எடை நூற்றுப் பதினெட்டு. மற்றவற்றைவிடச் சின்னதுதான். டாக்டரம்மா அதைத் தூக்கி, வயிற்றை அழுத்தி, வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கீழே விட்டார். "இனிமே பயமில்ல அக்கா. சின்னதாத்தான் இருக்கும், ஆனா இருக்கும். பால்பொடிய நிறுத்திடுங்க. நாளையிலேர்ந்து துணியில பாதிப் பாதியா மாத்தலாம், வெறும் சோப்புல துவைச்சு."

அண்ணி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். துணியைப் பற்றி அல்ல, பயமில்லை என்பதைப் பற்றி.

அன்று விளக்கு வைத்த பிறகு நான் ஜபம் செய்ய உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு ஆட்களுடைய பெயர்களை வரிசையாகச் சொல்லி, அவரவர்க்கு வேண்டியதைக் கேட்பது என் வழக்கம். புதன்கிழமையிலிருந்து கணவருடைய முழங்கால் வலிக்கு அடுத்து அவசரத்தின் பெயரையும் சொல்லிவந்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பெயருக்கு வந்ததும் மடித்த கையை நிறுத்தினார்.

"அது பொழச்சிடுச்சும்மா. அந்த எடத்த வேற யாருக்காவது குடு."

"யாருக்கு அண்ணி?"

கொஞ்சம் யோசித்தார். "ஆஸ்பத்திரில மூணாம் மெஷின்ல ஒரு புதுப் பொண்ணு வந்திருக்கா. துணிய உதறாமயே உள்ள தள்ளறா. அவளச் சேரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டை எடுத்தார்.